பெயர் மட்டும் பென்சிலில்

என் மேசையின் மேல் பதினான்கு பக்கங்கள் கொண்ட ஓர் இசைப் பிரதி இருக்கிறது. ஐந்து கோடுகளுக்கு நடுவே புள்ளி வைத்து எழுதுகிற மேற்கத்திய முறை. ஸ்வரங்கள் எல்லாம் கறுப்பு மையில் இருக்கின்றன. மை கொஞ்சம் பழுப்பேறிவிட்டது, அழியவில்லை. முதல் பக்கத்தின் வலது மூலையில், இயற்றியவர் பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் பென்சில். அதுவும் மங்கி, காகிதத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குப் படுகிறது. அந்தப் பெயரின் மேல் மை போட்டிருக்க வேண்டியவள் நான். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் போடவில்லை. அதற்கு யார் காரணம் என்று எத்தனையோ தடவை தேடிப் பார்த்துவிட்டேன். என்னைத் தவிர யாரும் அகப்படவில்லை.

அறுபத்தேழாம் வருஷம் கணவரோடு மொன்றியலுக்கு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அவருக்கு சென்ட் லோரன்டில் விமான உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் எஞ்சினியர் வேலை. எனக்கு ஒரு வேலையும் இல்லை. மயிலாப்பூரில் பன்னிரண்டு வருஷம் கற்ற வயலினை இரண்டு கம்பளிகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டு வந்திருந்தேன். தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே இரண்டாவது மாடியில் வாடகை ஃபிளாட். அவர் பஸ் பிடித்துப் போன பிறகு, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, நடுக்கூடத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து வாசிப்பேன். மூன்றாவது நாள் கதவு தட்டப்பட்டது. கீழ் ஃபிளாட்டுப் பெண்மணி. சத்தம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, தெரிந்த இரண்டு வார்த்தை பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை ஆட்டி என்னை நிறுத்திவிட்டு, உடைந்த ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். "அந்த இரண்டாவது ஸ்வரத்திலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது, நடுவில் நீ எங்கே போய்விட்டு வருகிறாய்?"

பன்னிரண்டு வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. உள்ளே கூப்பிட்டு, காபி கொடுத்து, கமகம் என்றால் என்ன என்று வாசித்துக் காட்டினேன். அவர் கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவி, மின்சார பில்லின் பின்பக்கத்தில் என்னவோ வளைவுகளாக வரைந்துகொண்டே போனார். அவர் அந்தப் பேட்டையின் பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பார். என்னைவிட எட்டு வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அன்றிலிருந்து நான் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை "என் வயலின்" என்பார். ஏதோ நான் அவர் வீட்டுச் சாமான் போல இருக்கிறதே என்று முதலில் கோபம் வரும். பிறகு அது இல்லாமல் கூப்பிட்டால்தான் கோபம் வந்தது.

எங்களோடு சேர்ந்து வாசிக்க மூன்றாவது ஆளை டீச்சர்தான் பிடித்துவந்தார். அவர் ஹங்கேரிக்காரர். தெருவுக்கு ரஷ்ய டாங்கிகள் வந்த வருஷம் ஊரைவிட்டு ஓடிவந்தவர். பெரிய வயலின் மாதிரி இருக்கும், முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கும் செல்லோதான் அவருடைய வாத்தியம். வயிற்றுப்பாட்டுக்கு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கினார். விரல் போய்விடுமோ என்று கோடையிலும் தடித்த கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்வார் என்று அவருடைய சகாக்கள் கேலி செய்வார்களாம். நான் தரையில் சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பதைப் பார்த்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை விமானச் சரக்குப் பெட்டிகளின் பலகையை அறைந்து ஒரு சின்ன மேடை செய்து தூக்கிக்கொண்டு வந்தார். அதில் உட்கார்ந்தால் என் கண்ணும் நாற்காலியில் இருக்கும் அவர்கள் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வரும். "கண்ணைப் பார்க்காமல் மூன்று பேர் சேர்ந்து வாசிக்க முடியாது, மேடம்" என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடுவோம். வெந்நீர்க் குழாய் டொக் டொக் என்று எங்களோடு தாளம் போடும். பழைய மேதைகள் எழுதியதை வாசிக்க ஊரில் ஆயிரம் குழுக்கள் இருக்கின்றன, நாம் நம்முடையதை வாசிப்போம் என்பது டீச்சரின் கட்சி. அதனால் வாசித்ததெல்லாம் எங்களுக்குள் எழுதியது. அதற்கு செல்லோக்காரர் ஒரு சட்டம் போட்டிருந்தார். எல்லாம் முதலில் பென்சிலில். மூன்று பேரும் ஒப்புக்கொண்ட ஸ்வரம் மட்டும் மைக்கு மாறும். ஒருவர் முகம் சுளித்தாலும் ரப்பர்தான். இயற்றியவர் பெயர் மட்டும் மூன்று முறை மேடையேறிய பிறகே மைக்கு மாறும். அதையும் இயற்றியவர் தானே எழுதிக்கொள்ளக் கூடாது, மற்ற இருவரில் ஒருவர்தான் எழுத வேண்டும். "பென்சிலில் பொய் சொல்லலாம், மையில் சொல்லக் கூடாது" என்பார். அவருடைய மூன்று துண்டுகளுக்கு டீச்சர் மை போட்டார். நான் தயங்கித் தயங்கி எழுதிய ஒரு நாலு நிமிஷச் சமாசாரத்துக்கு செல்லோக்காரர் மை போட்டார். என் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்லிக் கேட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் மூன்று தடவை சொன்னேன்.

டீச்சருடைய பெயர் மட்டும் எதிலும் மைக்கு வரவில்லை. அவர் எழுதுவார், இரண்டு முறை வாசிப்போம், பிறகு போதாது என்று அவரே கிழித்துப் போட்டுவிடுவார். அப்படியே எட்டு ஒன்பது வருஷம் போயிற்று. நாங்கள் சொந்த வீடு வாங்கிப் போனோம். மகள் பிறந்து, பள்ளிக்குப் போய், எங்களைவிட நன்றாக பிரெஞ்சில் வாயாடக் கற்றுக்கொண்டாள். டீச்சர் அதே ஃபிளாட்டில் இருந்தார்.

எழுபத்தாறின் கடைசியிலோ என்னவோ, மெட்ரோவில் புது வண்டிகள் விட்டார்கள். ஒத்திகை முடிந்து நானும் டீச்சரும் நடைமேடையில் நின்றுகொண்டிருந்தபோது அப்படி ஒரு வண்டி கிளம்பியது. கிளம்பும்போது அதன் அடிவயிற்றிலிருந்து மூன்று ஸ்வரம். கீழே ஒன்று, அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று. யாரும் வாசிக்கவில்லை, யாரும் பாடவில்லை, வண்டியின் மின்சார இயந்திரம் தானாகப் போடும் சத்தம் அது என்று பிற்பாடு கணவர் விளக்கினார். நான் சிரித்துவிட்டேன். "பா, ஸா, மேல் பா. டீச்சர், இந்த வண்டி நமக்குத் தம்புரா மீட்டுகிறது!" என்றேன். டீச்சர் சிரிக்கவில்லை. அடுத்த வண்டியில் ஏறவும் இல்லை. இன்னும் ஐந்து வண்டிகளைப் போகவிட்டு, ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி நின்றார். பிறகு கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அதை எழுதினார். பதினொரு நிமிஷம். செல்லோ அந்த மூன்று ஸ்வரத்தை அவசரமில்லாமல் இழுக்கும். டீச்சர் பியானோவின் மூடியைத் திறந்து உள்ளே தந்திகளின் மேல் ஒரு கையை அழுத்திக்கொண்டு மற்றக் கையால் வாசிப்பார், சுரங்கத்துக்குள்ளிருந்து வருவது போல மூடிய ஒலி வரும். அதற்கு மேல் என் வயலின் ஏறும். ஏறும்போது ஒரு ஸ்வரத்தைத் தொடாமல் தாண்டிப் போகும், இறங்கும்போது அதே ஸ்வரத்தை இரண்டு இடத்தில் தொட்டுத் தடுமாறும். என் புத்தியில் இருந்த ராகங்களை எல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். எதிலும் சேரவில்லை. "இப்படி ஒரு ராகம் எங்கள் ஊரில் இல்லை, டீச்சர்" என்று என் வாயாலேயே சொன்னேன். அவர் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். இதை நான் இங்கே சொல்லியே ஆக வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

இரண்டு முறை மேடையேற்றினோம். முதல் முறை அதே தேவாலயத்தின் கீழ்த்தளம், நாற்பது பேர். இரண்டாவது முறை ஒரு பல்கலைக்கழகத்தின் சின்ன அரங்கு, அங்கேயும் நாற்பது பேர்தான், ஆனால் நாற்காலிகள் நல்லவை. முடிந்ததும் கைதட்டினார்கள் பாருங்கள். டீச்சர் இதைக் கிழிக்கவில்லை. முதல் பக்கத்தில் தன் பெயரைப் பென்சிலில் எழுதினார். மூன்றாவது முறைக்குப் பிறகு மை போட வேண்டியது மேடம்தான், தம்புரா என்று முதலில் சொன்னது அவர்தானே என்றார் செல்லோக்காரர். நானும் ஒரு நல்ல பேனா வாங்கி வைத்தேன்.

மூன்றாவது, வானொலி. பள்ளிக்கூடத்து டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து, நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். டீச்சருக்கு வகுப்பு, செல்லோக்காரருக்குப் பகல் ஷிஃப்ட். வீட்டில் சும்மா இருப்பவள் நான்தான் என்பதால் நான் போனேன். நிகழ்ச்சித் தயாரிப்பாளர் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். பாதி டேப்பைக் கேட்டுவிட்டு, என் ஓவர்கோட்டுக்குக் கீழே தெரிந்த புடவைக் கரையைப் பார்த்தபடி கேட்டார். "ரொம்பப் பழமையான மெட்டாக இருக்கிறதே. உங்கள் நாட்டுடையதா?" புது இசை என்றால் வேறு பிரிவுக்குப் போகும், ஒரு குழு கேட்டு முடிவு செய்வதற்குள் வசந்தம் வந்துவிடும், மரபு இசை என்றால் அடுத்த வாரமே ஒலிபரப்பலாம் என்று சொல்லி, ஒரு படிவத்தை என் முன் நகர்த்தினார். அதில் இயற்றியவர் என்று ஒரு கட்டம். டீச்சருக்கு வாங்கிய பேனா என் கைப்பையில் இருந்தது. அதை எடுத்து, மரபு, இந்தியா என்று எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

சீக்கிரம் ஒலிபரப்பாகட்டும் என்றுதான் செய்தேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சுத்தப் பொய். ஒன்பது வருஷமாகக் கச்சேரி முடிந்ததும் ஜனங்கள் டீச்சரிடம் போய் இசையைப் பற்றிப் பேசுவார்கள். என்னிடம் வந்து புடவை எத்தனை கஜம், குளிராதா, நெற்றியில் இருப்பது என்ன என்று கேட்பார்கள். அப்பாவோ ஊரிலிருந்து கடிதத்துக்குக் கடிதம், வெள்ளைக்காரர்களோடு உட்கார்ந்து என்ன ராகம் வாசிக்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தயாரிப்பாளர் என்னைப் பார்த்த பார்வையில்தான் முதன்முதலாக நான் ஏதோ ஒரு பெரிய சொத்துக்குச் சொந்தக்காரி ஆனேன். அது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அடுத்த வாரம் டீச்சரின் சமையலறையில் மூன்று பேரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தோம். டீச்சர் ஆப்பிள் கேக் செய்திருந்தார். அறிவிப்பாளர் கனிந்த குரலில், இந்தியக் கோயில்களில் ஆயிரம் வருஷமாக ஒலிக்கும் மெட்டு என்று சொன்னார். கோயில், ஆயிரம் வருஷம் இரண்டையும் அவரே சேர்த்துக்கொண்டார், ஆனால் அவருக்கு இடம் கொடுத்தது நான். செல்லோக்காரர் வெடித்துச் சிரித்தார். "உன் ரயிலுக்கு வயசாகிவிட்டது!" டீச்சரும் சிரித்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

"படிவத்தில் என்ன எழுதினாய்?"

"உங்கள் பெயரைத்தான் எழுதினேன், டீச்சர். அவர்கள்தான் மாற்றிவிட்டார்கள்."

யோசிக்கவே இல்லை. பதில் தயாராக வாயிலேயே இருந்தது. டீச்சர் எனக்கு ஒரு துண்டு கேக் வெட்டி வைத்துவிட்டு, "சரி, நீ ஒரு கடிதம் எழுதிவிடு. கொண்டுபோய்க் கொடுத்தது நீதானே" என்றார். எழுதிவிடுகிறேன் என்றேன். கேக்கும் சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலமே கணவரிடம் சொல்லிவிட்டேன். "டிரெடிஷனல்னு போட்டுட்டே, சரி. யாருக்கு என்ன நஷ்டம்? அந்தம்மா என்ன, கோர்ட்டுக்கா போகப்போறாங்க?" என்றார்.

"நஷ்டம் இல்லைங்க. ஆனா அது அவங்க எழுதினது."

"அப்ப போய்ச் சொல்லிடு."

"எப்படிங்க சொல்றது?"

"தெரியலைன்னா விட்டுடு" என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளைப் பிரித்தார். எனக்குத் தேவையாக இருந்ததும் அதுதான். அந்தக் காலத்தில் மொன்றியலில் தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணலாம். பொங்கலுக்கு ஒருவர் வீட்டில் எல்லோரும் கூடியபோது, ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டராக இருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றார். "கேட்டேம்மா ரேடியோல! நம்ம ராகத்தை இவங்களை வாசிக்க வெச்சுட்டீங்களே! என்ன ராகம் அது? எனக்குப் பிடிபடவே இல்லை."

"ரொம்ப அரிதான ராகம் டாக்டர். பேரு இப்ப சட்டுனு ஞாபகம் வரலை" என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். இதோடு எத்தனை பொய் என்று எண்ணுவதை நான் அங்கேயே விட்டுவிட்டேன்.

இவ்வளவும் என் மானத்தோடு போயிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்த வசந்தத்தில் டீச்சர் ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். இசை இயற்றுபவர்களுக்கு ஒரு வருஷம் வேலையிலிருந்து விடுப்பும் செலவுக்குப் பணமும் கொடுப்பார்கள். ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் புல்லாங்குழல் ஊதக் கற்றுக்கொடுத்து முடித்து, மிச்சமிருக்கிற மூச்சில் எழுதிக்கொண்டிருந்தவருக்கு ஒரு முழு வருஷம் என்பது சொர்க்கம். அந்த வருஷத்தில் என்னென்ன எழுதுவது என்று பட்டியலே வைத்திருந்தார். பதில் கடிதத்தைக் கீழ்த்தளத்தில் நின்றபடி எங்களுக்குப் படித்துக் காட்டினார். வானொலியில் தங்கள் படைப்பைக் கேட்டோம், ஒரு மரபு மெட்டை மிகத் திறமையாக அமைத்திருக்கிறீர்கள், ஆனால் இந்த உதவி சொந்தமாக இயற்றுபவர்களுக்கு மட்டுமே. படித்துவிட்டு நாலாக மடித்து, பியானோவின் மேல் மெட்ரோனோம் என்கிற தாளக் கருவிக்கு அடியில் வைத்தார்.

"நீ கடிதம் எழுதினாய் அல்லவா?"

"எழுதினேன். பதில் வரவில்லை" என்றேன்.

செல்லோக்காரர் ஹங்கேரிய மொழியில் யாரையோ திட்டினார். வானொலியைத்தான். நான் பலகை மேடையில் உட்கார்ந்து, பார்வையைக் கீழே போட்டுக்கொண்டு தந்திக்குச் சுருதி சேர்த்தேன். கண்ணும் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும் என்று அவர் அறைந்து கொடுத்த மேடை அது. அதன் பிறகு அதில் உட்கார்ந்து என்னால் நிமிர முடியவில்லை. டீச்சர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, முன்னைப்போலவே "என் வயலின்" என்றார், அதுதான் தாங்கவில்லை. ஒன்றரை வருஷம் போல ஓட்டினேன். எழுபத்தொன்பது இலையுதிர்காலத்தில், கழுத்து வலி, டாக்டர் வாசிக்கக் கூடாது என்கிறார் என்று சொல்லி நின்றுவிட்டேன். கழுத்துக்கு ஒன்றுமில்லை. அவர்களுக்கு வேறு வயலின் கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றிரண்டு பேரும், அந்த இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் போகத் தெரியாதவர்கள். குழு அதோடு கலைந்தது.

வருஷா வருஷம் புத்தாண்டுக்கு டீச்சரிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வரும். நானும் அனுப்புவேன். செல்லோக்காரர் இறந்தபோது அட்டையில்தான் தெரிந்தது. டீச்சர் லவாலில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனதும் அட்டையில்தான் தெரிந்தது. என் கணவரும் போய்ச் சேர்ந்தார், என் ரகசியம் தெரிந்த ஒரே ஆள். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஜனவரியிலும் நினைப்பேன், பிப்ரவரியில் மறந்துவிடுவேன். போன வருஷம் வந்த அட்டையில் கையெழுத்து வேறாக இருந்தது. அடியில் யாரோ தமிழில் எழுதியிருந்தார்கள்: "அம்மா, உங்கட பேரைப் பாத்துத் தமிழ் எண்டு எழுதுறன். இவவுக்குக் கை நடுங்குது. ஒருக்கா வந்து பாருங்கோ."

போனேன். ஆரஞ்சுப் பாதையில் லவால் வரை மெட்ரோ. இல்லத்தின் வாசலில் ஐம்பது வயது இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் நின்றார். அட்டையில் எழுதியவர் அவர்தான், அங்கே பராமரிப்பு வேலை.

"வாங்கோ அம்மா, வாங்கோ. நீங்களோ அந்த வயலின்? ஓம், அவ சொல்லிக்கொண்டே இருக்கிறவ, என்ர வயலின் வருவா எண்டு. நான் நினைச்சன், வயசுபோன நேரம் ஏதோ கதைக்கிறா எண்டு." நடந்துகொண்டே தணிந்த குரலில் சொன்னார், "காது நல்லாக் கேக்கும். பெலத்துக் கதைக்கத் தேவையில்லை. நான் பேந்து தேத்தண்ணி கொண்டுவாறன்."

டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தொண்ணூறு வயது. முடி கொட்டிக் கொண்டை சின்னதாகியிருந்தது, அதிலும் ஒரு பென்சில் செருகியிருந்தது. நான் எதிரே உட்கார்ந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், மெட்ரோவில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை எல்லாம் கொட்டினேன். படிவம், பேனா, எழுதாத கடிதங்கள், டாக்டரிடம் சொன்னது வரை. பாதியில் அழுகை வந்துவிட்டது. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "கழுத்து இப்போது எப்படி இருக்கிறது?" என்றார்.

நான் கொட்டியதில் கழுத்தை மட்டும் சேர்க்கவில்லை.

"உதவித்தொகை இல்லை என்று கடிதம் வந்த வாரமே நான் வானொலிக்குப் போனேன்" என்றார். "படிவத்தைக் காட்டினார்கள். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கையெழுத்துப் போட்டவர் வந்தால் திருத்திக்கொள்ளலாம் என்றார்கள். உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ அழுவாய். போய்த் திருத்துவாய். அப்புறம் சனிக்கிழமை வரமாட்டாய். அந்தத் திருத்தம் வேண்டுமா, வயலின் வேண்டுமா என்று வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் யோசித்தேன். வயலின் வேண்டும் என்று தோன்றியது."

அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். எனக்காகத் தன் பெயரை விட்டுக்கொடுத்து ஒரு குழுவைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். நான் கழுத்து வலி என்று ஒரு பொய்யைச் சொல்லி அதையும் உடைத்துவிட்டுப் போயிருக்கிறேன். பெயரை எடுத்தது ஒரு நாள் சபலம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன பேர் சொல்வது என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறக்கச் சொன்னார். இந்தப் பிரதி அதில் இருந்தது. ஸ்வரங்கள் எல்லாவற்றுக்கும் மை போட்டிருந்தார். "இவை நாம் மூவரும் ஒப்புக்கொண்டவை. போடலாம்" என்றார்.

"பெயர்?"

"அது என் வேலை இல்லையே."

நான் கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்தேன். அவர் நடுங்கும் கையை நீட்டி அந்த மூலையை மூடினார். "மூன்று முறை ஆகவில்லை."

"வானொலி, டீச்சர்?"

"வானொலியில் வந்தது யாரோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எழுதியது. என்னுடையது இரண்டு முறைதான் ஆகியிருக்கிறது."

தேநீரோடு வந்த அந்தப் பெண், நான் அழுவதையும் டீச்சர் சிரிப்பதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தட்டை வைத்து, சத்தம் போடாமல் போய்விட்டார்.

அன்றிலிருந்து, அந்த மூன்றாவது முறைக்காக, சனிக்கிழமைகளில் லவாலுக்குப் போகிறேன். எண்பத்திரண்டு வயதில், நாற்பது வருஷத்துக்கு மேல் உறை பிரிக்காத வயலினுக்குப் புதுத் தந்தி போட்டு, வீட்டில் தினமும் அரை மணி சாதகம் செய்கிறேன். தரையில் உட்கார முழங்கால் விடுவதில்லை, நாற்காலியில்தான். இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பழைய பியானோ இருக்கிறது, அதில் இரண்டு கட்டைகள் எழுந்திருப்பதில்லை. செல்லோவுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "நீ வருகிற வண்டி அதை வாசித்துவிட்டுத்தானே உன்னை இங்கே இறக்கிவிடுகிறது" என்றார். பிரதியை என்னிடமே கொடுத்து வைத்திருக்கிறார். பதினான்கு பக்கத்தில் இதுவரை ஆறு பக்கம் சேர்ந்து வாசித்திருக்கிறோம். ஆறாவது பக்கத்தில் வயலின் இறங்கும் இடத்தில் என் விரல் தவறுகிறது. அவர் பென்சிலால் பியானோவின் மேல் தட்டி, மறுபடி என்கிறார். போன வாரம் அவருக்கு மூச்சு வாங்கி, நாலாவது பக்கத்திலேயே நிறுத்திவிட்டோம்.

நாளை சனிக்கிழமை. மெட்ரோவில் இப்போது இன்னும் புதிய வண்டிகள் ஓடுகின்றன. அவற்றின் இயந்திரம் அந்தச் சத்தம் போடுவதில்லை. ஜனங்களுக்குப் பழகிப்போன அந்த மூன்று ஸ்வரத்தை, கதவு மூடும்போது பதிவிலிருந்து போடுகிறார்கள். பா, ஸா, மேல் பா. யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இந்தப் பதினான்கு பக்கத்தையும் அடுக்கி, வயலின் பெட்டியின் மூடிக்குள் வைத்தாயிற்று. பெயர் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது. படிவத்தில் எழுதிய அதே பேனாவுக்குப் புதிதாக மை போட்டு, வில்லுக்குத் தேய்க்கும் பிசின் கட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.